பள்ளிக்கூடத்துக்கு வட்டிப் பணமா, கடன் பணமா?

நம் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் எண்டோவ்மென்ட் பரிசு கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் தம் தாயார் பெயரில் பத்தாயிரம் ரூபாயை வங்கியில் போட்டிருப்பார். அசலில் கை வைக்கக் கூடாது. வருகிற வட்டி, அறுநூறோ எழுநூறோ, கணக்கில் முதலாவது வந்த பிள்ளைக்கு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பள்ளிகளையே இப்படி ஓரளவு நடத்துகிறது. 1912-இல் மாநிலமானபோது பள்ளிகளுக்கென்று ஒன்றிய அரசு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை விற்ற பணம் நிரந்தர நிதியாகச் சேர்ந்தது. அதிலிருந்து ஆண்டுக்கு 2.5 சதவீதம் மட்டுமே எடுக்கலாம் என்று மாநில அரசியல் சாசனம் கட்டிப்போட்டிருந்தது. அதைப் பத்தாண்டுகளுக்கு 6.9 சதவீதமாக உயர்த்தலாமா என்று 2016 மே 17 அன்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் 'ஆம்' என்றார்கள், மயிரிழையில் நிறைவேறியது. மாநிலத்தின் அப்போதைய கருவூலப் பொறுப்பாளர் ஜெஃப் டிவிட்டே இதை எதிர்த்தவர். வளர்வதைவிட வேகமாக எடுத்தால் நாளைய பிள்ளைகளின் பங்கு கரையும் என்பது எதிர்த்தவர்களின் கவலை. நியாயமான கவலைதான், ஆனால் இன்று ஒழுகும் வகுப்பறையில் இருப்பவனும் பிள்ளைதானே! 2025 ஜூனில் கெடு முடிந்தது. பக்கத்து நியூ மெக்சிகோவில் 2022-இல் இதேபோல் 5 சதவீதத்தை 6.25 ஆக்க, ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சம்மதித்தார்கள்.

கேரளத்தில் இப்படி வாக்கெடுப்பு இல்லை. ஆசிரியர் சம்பளம், எய்டட் பள்ளிகளுக்கும் சேர்த்து, மாநில பட்ஜெட்டிலிருந்து வருகிறது. புதுக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் கிஃப்பி, அதாவது கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம். 1999-இல் தொடங்கி 2016-இல் புத்துயிர் பெற்ற இந்த வாரியத்துக்கு, நீங்கள் அடிக்கும் பெட்ரோலில் லிட்டருக்கு ஒரு ரூபாயும் மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும் போகின்றன. அந்த வருமானத்தைக் காட்டி வாரியம் கடன் வாங்குகிறது. 2019-இல் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம்) வழியாக 2,150 கோடி ரூபாய் திரட்டியது, வட்டி 9.7 சதவீதத்துக்கும் மேல். தொகுதிக்கொரு பள்ளி, ஒவ்வொன்றுக்கும் 5 கோடி ரூபாய் என்ற திட்டம் இந்தக் கணக்கில்தான் நடந்தது.

ஆக, அரிசோனா முன்னோர் சேமிப்பை எடுக்கிறது. நாம் நாளைய வரியை இன்றே செலவழிக்கிறோம். கட்டடம் நன்றாக எழும்பியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடனைப் பற்றி நம்மை நேரடியாக யாரும் கேட்கவில்லை.

நாம் கேள்வி கேட்கக்கூடிய இடம் ஒன்றாவது இருக்கிறது. அரசு எல்.பி., யு.பி. பள்ளிகளின் பராமரிப்பு பஞ்சாயத்தின் பொறுப்பு. வார்டு கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம். பாலராமபுரத்திலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரைக் கிராமங்களிலும் இருப்பவர்களே, அடுத்த முறை போய், பராமரிப்பு நிதியில் நம் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள்.