உங்களுக்குத் தெரியுமா? மூன்று ரூபாயில் திருவண்ணாமலை

நாலு நண்பர்கள், ஆளுக்கொரு தோள்பை, கையில் கொஞ்சம் காசு. பழைய ஊர் ஒன்றை நடந்தே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் திருவண்ணாமலையைப் போல இடம் கொடுக்கும் ஊர் குறைவு. அதிலும் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதி, பணமில்லாமல் வந்தவர்களைத் தாங்கியே வளர்ந்தது.

● அந்த வரிசையில் மிகவும் பேர்பெற்றவர் ஒரு பதினாறு வயதுப் பையன். 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து வேங்கடராமன் புறப்பட்டபோது அவர் கையில் இருந்தது மூன்று ரூபாய். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டார். வீட்டில் இருந்த வரைபடமோ பழையது. திருவண்ணாமலைக்கு ரயில் பாதை வந்துவிட்ட செய்தி அதில் இல்லை. திண்டிவனம்தான் பக்கத்து நிலையம் என்று எண்ணி, 2 ரூபாய் 13 அணாவுக்கு அங்கே சீட்டு எடுத்தார். ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறச் சொன்னார். விழுப்புரத்தில் சாப்பாட்டுக்கு நீட்டிய இரண்டணாவை ஓட்டல்காரர் வாங்க மறுத்துவிட்டார். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்குமே போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் நடை.

அறகண்டநல்லூர்க் கோயில், கீழூர் வீரட்டேசுவரர் கோயில் என்று போய், கோகுலாஷ்டமி நாளில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பிட்டார். காதில் கிடந்த கடுக்கனை அங்கே நாலு ரூபாய்க்கு அடகு வைத்தார். மறுநாள், செப்டம்பர் 1 அன்று, திருவண்ணாமலையில் இறங்கினார். மிச்சப் பணத்தையும், வழியில் தின்னக் கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். பிறகு அவர் இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

அந்த வழியை நீங்களும் பார்க்கலாம். தென்பெண்ணை ஆற்றின் ஒரு கரையில் பாறைமேல் அறகண்டநல்லூர், மறு கரையில் திருக்கோவிலூரும் கீழூரும். திருவண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம். என் கணக்கில், தங்கும் நாள்களில் ஒன்றை இதற்கென்று ஒதுக்குவது தகும்.

● சென்னைக்காரர்களுக்கு: கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் வரை ஓடிய மின்தொடர் ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கு நீட்டிக்கப்பட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட கட்டணம் 50 ரூபாய். மாலையில் ஏறினால் நள்ளிரவில் இறங்கலாம். நேரம் மாறக்கூடும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

● ரமணாசிரமத்தில் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் கட்டணம் கிடையாது. விரும்பினால் காணிக்கை கொடுக்கலாம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும், தங்கும் நாள்களுக்கு வரம்பும் உண்டு. அது தியானத்துக்காக வருகிறவர்களுக்கான இடம். ஊர் சுற்ற மட்டுமே வருகிறீர்கள் என்றால், வேண்டுகிறவர் ஒருவரின் அறையைப் பிடித்துக்கொள்ளாமல் வெளியே விடுதியில் தங்குவதே முறை. பகலில் ஆசிரமத்துக்குள் போய் உட்கார யாருக்கும் தடையில்லை. நுழைவுச் சீட்டு என்ற பேச்சே அங்கு இல்லை.

● நுழைவுச் சீட்டு என்றதும் விரூபாட்ச குகையின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1899 முதல் 1916 வரை ரமணர் வாழ்ந்த குகை அது. அவரைப் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியதும், குகைக்கு உரிமையுள்ள மடத்தின் சார்பில் வருகிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்கினார்கள். ரமணர் சண்டைக்குப் போகவில்லை. குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கட்டணம் கேட்கும் எல்லையை அந்த மரத்துக்கும் வெளியே நகர்த்தினார்கள். அவர் எழுந்து வேறு குகைக்கே போய்விட்டார். வருமானம் நின்றது. அவர் இருக்கும்வரை வசூல் இல்லை என்று சொல்லித்தான் மடத்தார் அவரைத் திரும்ப அழைத்துவர முடிந்தது. காசில்லாதவன் வாசலிலேயே நின்றுவிடக் கூடாது என்று ஒருவர் இருப்பிடத்தையே விட்டு எழுந்த இடம் அது. போனால் அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் உள்ளே உட்காருங்கள்.

● ‘அருணாசல அட்சரமணமாலை’ பிறந்ததற்குக் காரணம் சோறு. மலையிலிருந்து பிச்சைக்கு இறங்கும் அடியார்கள் வழியில் பாட ஒரு பாட்டு வேண்டுமென்று கேட்டார்கள். 108 கண்ணிகள் வந்தன. கிடைத்த சோற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து எல்லாரும் பகிர்ந்து உண்டார்கள். இன்றும் ஆசிரமத்தில் ஏழைகளுக்கு உணவு வழங்கிய பிறகுதான் மதியப் பந்தி.

● ஆசிரமத்தின் பின்வாசலில் தொடங்கும் கற்பாதை கந்தாசிரமத்துக்கு ஏறுகிறது. நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் ஒரு திருப்பத்தில் ஊரின் பெரிய கோயிலான அண்ணாமலையார் கோயில் முழுவதும் கீழே விரியும். கோபுரங்கள், மதில்கள், குளங்கள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் இல்லை, அதற்கு வழிகாட்டியும் தேவையில்லை. கந்தாசிரமத்தில் ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்தார். அவருடைய தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று காலமானதும் இங்கேதான். அம்மாவை மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். நாள்தோறும் அங்கே இறங்கி வந்துகொண்டிருந்த மகன் அவ்வாண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

கந்தாசிரமத்திலிருந்து வந்த வழியே திரும்ப வேண்டாம். விரூபாட்ச குகை வழியாக இறங்கினால் கோயிலின் மேற்குப் பக்கம் வந்துவிடலாம். கோயிலிலிருந்து ஆசிரமத்துக்கு இரண்டு கிலோமீட்டர்தான், ஷேர் ஆட்டோ ஓடுகிறது. மலை உச்சிக்கு ஏறுவது வேறு விஷயம். வனத்துறை அனுமதியின்றி அங்கே போகக் கூடாது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைச் சரிவு பெயர்ந்து விழுந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். தடையை மீறி ஏறுவதில் வீரம் ஒன்றுமில்லை.

● கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். வடக்குக் கோபுரத்துக்கு அரசன் பெயர் இல்லை, அம்மணி அம்மாள் என்ற துறவியின் பெயர். பொருள் திரட்டி 171 அடிக் கோபுரத்தை எழுப்பி முடித்த பெண் அவர். பெரும்பாலோர் கிழக்கு வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கு வாசலுக்குப் போய் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி நண்பர்களுக்குக் கோபுரத்தைக் காட்டுங்கள்.

● ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கம். ரமணர் ஊருக்கு வந்த புதிதில், பூச்சிக்கடிகூடத் தெரியாமல் அமர்ந்திருந்த நிலவறை இது. பழுதுபார்க்கப்பட்ட இந்தச் சன்னிதியை 1949-இல் திறந்துவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

● போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு மாண்டார். அந்த அரசனுக்குப் பிள்ளையில்லை, அண்ணாமலையாரே மகனாக நின்று நீர்க்கடன் செய்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. ஒவ்வொரு மாசி மாதமும் சுவாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கிறது. எந்தக் கட்டணமும் இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் இத்தனை உருக்கமான சடங்கு வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

● 1767 செப்டம்பரில் ஹைதர் அலி, நிஜாம் கூட்டுப்படைக்கும் ஆங்கிலேயருக்கும் இந்த ஊரை ஒட்டிப் பெரும் போர் நடந்தது. வென்றது ஆங்கிலப் படை.

● கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். ரமணாசிரமம் இருப்பது அக்னி லிங்கத்தைத் தாண்டி, எம லிங்கத்துக்கு முன்னால். ஆசிரம வாசலிலேயே தொடங்கி அங்கேயே முடிக்கலாம். நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ரமணர் 1926 வரை அடியார்களோடு சுற்றி வந்தார். சில சமயம் வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டதும் உண்டு. இத்தாலியிலும் இப்படி ஒரு நடை இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு ரோமில் பிலிப் நேரி என்ற பாதிரியார் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழு தேவாலயங்களைக் கால்நடையாகச் சுற்றும் வழக்கத்தைப் புதுப்பித்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். நடுவில் ஒரு தோட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்து ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி பகிர்ந்து தின்பார்கள். ரோமில் அந்த நடை இன்றும் நடக்கிறது.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் அன்று அறை வாடகை ஏறிவிடும். சிக்கனம் முக்கியம் என்றால் வேறு நாளில் விடியுமுன் கிளம்புங்கள். வெயில் ஏறினால் தார்ச் சாலையில் வெறுங்கால் தாங்காது. மேற்கே அடி அண்ணாமலைக் கோயிலில் நின்றால், ஆசிரமத்திலிருந்து கண்ட மலையா இது என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு வேறு முகம்.

● வெளிநாட்டார் வரத் தொடங்கியது அண்மையில் அல்ல. எழுத்தாளர் பால் பிரண்டன் 1931-இல் வந்தார், நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-இல். புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸோன், 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது ஊரிலேயே இருந்தார்.

● வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கியது. கூட்டத்தைத் தாங்க முடியாத நகரின் முடிவு அது. அண்ணாமலை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே நமக்குப் பொறுப்பு கூடுகிறது. கோடையில் ஒரு சிகரெட் துண்டு போதும், தன்னார்வலர்கள் பல்லாண்டு நட்டு வளர்த்த மரங்கள் எரிந்துவிடும். தண்ணீருக்கு ஒரு பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள்.

● ஊர் திரும்பும் வழியில் செஞ்சி. திண்டிவனம் பஸ்கள் அங்கே நின்று போகும். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை, பிறகு மொகலாயர் பல ஆண்டுகள் முற்றுகையிட்ட கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் குறைவுதான். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி, மேலே நிழல் அதிகம் இல்லை. காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.