அதே நூறு செல்கள்

ஸ்லைடு பெட்டி ஒன்றில் நூறு கண்ணாடித் தகடுகள் அடங்கும். சளிப் பரிசோதனை முடிந்ததும் ஸ்லைடின் மேலிருக்கும் இமர்ஷன் ஆயிலை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, லேப் ரிஜிஸ்டரின் எண் வரிசைப்படி பெட்டியில் செருகி வைப்போம். பாசிட்டிவ் தனியாக, நெகட்டிவ் தனியாக என்று பிரிக்கக் கூடாது. ஸ்லைடில் முடிவை எழுதவும் கூடாது. பின்னால் ஒருநாள் மாவட்டத்திலிருந்து மேற்பார்வையாளர் வருவார். தனக்கு வேண்டிய எண்களை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போவார். அந்த ஸ்லைடுகளை வேறொருவர், நாங்கள் என்ன எழுதினோம் என்று தெரியாமலே, முதலிலிருந்து பார்ப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மறைப்பு கிடையாது. பாசிட்டிவ் ஸ்லைடு அத்தனையையும், நெகட்டிவில் பத்தில் ஒன்றையும் மேற்பார்வையாளர் எங்கள் முடிவைத் தெரிந்துகொண்டே மறுபடி பார்ப்பார். ரிஜிஸ்டரில் நெகட்டிவ் என்று இருந்தால் அவர் கண்ணுக்கும் பெரும்பாலும் நெகட்டிவாகவே தெரியும். மனிதக் கண் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் 2002இல் வெளியிட்ட வழிகாட்டுதலை ஒட்டி, 2005 வாக்கில் இந்தியக் காசநோய்த் திட்டமும் முடிவை மறைத்த மறுபார்வைக்கு மாறியது. முதல் வாசகரும் இரண்டாம் வாசகரும் மாறுபட்டால் மூன்றாவதாக ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்வார்.

சளி ஸ்லைடு பார்ப்பது எளிய வேலை போலத் தோன்றும். கார்பால் ஃபுக்ஸினை ஊற்றி, அடியில் தீயைக் காட்டி, ஆவி எழும்வரை சூடாக்கி, அமிலத்தில் நிறம் நீக்கி, மெத்திலீன் புளூவில் முக்கினால், நீலப் பின்னணியில் காசநோய்க் கிருமி மட்டும் சிவப்புக் குச்சியாக நிற்கும். ஆயில் லென்ஸில் நூறு ஃபீல்டு பார்க்க வேண்டும். நூறிலும் சேர்த்து 1 முதல் 9 கிருமி இருந்தால் 'ஸ்கேன்டி', 10 முதல் 99 வரை இருந்தால் 1+. ஃபீல்டுக்கு ஃபீல்டு பத்துக்கு மேல் கொட்டிக்கிடந்தால் 3+. கொட்டிக்கிடப்பதை யாரும் தவறவிடுவதில்லை. நூறு ஃபீல்டில் பத்துப் பன்னிரண்டு இருக்கும் ஸ்லைடுதான் நம்மைச் சோதிக்கும். ஒழுங்காகப் பார்த்தால் ஒரு ஸ்லைடுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். வெளியே வரிசை நீண்டால் அந்த ஐந்து நிமிடம்தான் முதலில் சுருங்கும்.

எனக்கு அது நடந்தது. நான் நெகட்டிவ் என்று எழுதிய ஒரு ஸ்லைடு, மறுபார்வையில் 1+ என்று திரும்பி வந்தது. பெரிய பிழைகளின் கட்டத்தில் என் மையத்துக்கு நேரே ஒரு கோடு. அந்தக் காகிதம் என் கைக்கு வந்தபோது ஸ்லைடு பார்த்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இந்த மறுபார்வை முறை லேபின் தரத்தை அளக்க ஏற்பட்டது. அந்த ஒரு நோயாளியைக் காப்பாற்ற ஏற்பட்டதல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று சாப்பிட முடியவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஐம்பது வயதுக்காரர். அவருடைய இரண்டாவது மாதிரியை நான்தான் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தேன், மருந்து தொடங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

எந்த இடத்தில் விட்டேன் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. விடுப்புப் போட்டுவிட்டு மாவட்ட மையத்துக்குப் பஸ் ஏறினேன். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். "ஏம்மா, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே?" என்று கேட்டபடி ஸ்லைடைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வெயிலிலும் ஈரக்காற்றிலும் அந்தச் சிவப்பு வெளுத்துவிடும். பார்க்குமுன் மறுபடி சாயம் ஏற்றுவதும் உண்டு. இருவரும் மாறி மாறிக் கண் வைத்தோம். அவர் ஒரு குச்சியைப் பிடித்து, "இதோ பாரு" என்று எழுந்து இடம் விடுவார். நான் உட்கார்ந்து ஃபோகஸைத் தொட்டதும் அது மங்கிவிடும். ஒரு லென்ஸில் ஒரு நேரத்தில் ஒரு கண். அவர் பார்த்த குச்சியைத்தான் நானும் பார்த்தேனா என்று உறுதியாகச் சொல்ல வழியே இல்லை. மாலைவரை இருந்துவிட்டுத் திரும்பினேன்.

மற்ற பரிசோதனைகளுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. 1947இல் அமெரிக்காவில் பெல்க், சண்டர்மன் என்ற இருவர், ஒரே திரவத்தைப் பிரித்துப் பென்சில்வேனியா மாநிலத்து லேப்களுக்கு அனுப்பி, அளந்து சொல்லுங்கள் என்றார்கள். வந்த எண்கள் கவலைப்படும் அளவுக்கு முன்னும் பின்னுமாக இருந்தன. லேப்களை வெளியிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனங்கள் இன்று நடத்தும் தர ஒப்பீட்டுத் திட்டங்களின் அடிப்படையும் அதுவே. சர்க்கரை, யூரியா, கொழுப்பு எதுவானாலும் ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து ஆயிரம் குப்பிகளில் ஊற்றலாம். ஆயிரம் லேபும் அளப்பது ஒரே பொருளை.

ஒரு செல்லை அப்படிப் பிரித்து ஊற்ற முடியாது. ஒரே நோயாளியின் ரத்தத்தில் நூறு ஸ்மியர் இழுத்தாலும் நூறும் வேறுவேறு. ஒன்று கனமாக இருக்கும், ஒன்று மெல்லியதாக. அரிதான ஒரு செல் ஒரு ஸ்லைடில் மூன்று இருக்கும், அடுத்ததில் ஒன்றுகூட இருக்காது. டெல்லி எய்ம்ஸ் நடத்தும் திட்டத்தின் ஸ்மியர்கள் கூரியரில் வருவதுண்டு. பஞ்சுக்குள் உடைந்து கிடக்கும் கண்ணாடியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோயாளியின் நினைவுதான் வரும். அவர் கொடுத்த ரத்தம் அளவானது; மறுபடி கேட்க முடியாது.

கண்ணாடியின் இந்தப் பற்றாக்குறை ஒரு நாட்டின் சட்டத்தையே காக்க வைத்தது. 1987இல் வால்ட் போக்டானிச் என்ற செய்தியாளர், அமெரிக்க லேப்களில் பாப் ஸ்மியர்கள் எப்படி அவசர அவசரமாகப் பார்க்கப்படுகின்றன என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியைத் தவறவிட்டதால் பெண்கள் இறந்திருந்தார்கள். 1988இல் சட்டம் வந்தது. ஒருவர் ஒரு நாளில் நூறு ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது, பார்ப்பவர்களுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் எழுந்தன. நாடு தழுவிய அந்தத் தேர்வு நடைமுறைக்கு வந்ததோ 2005இல். பதினேழு வருடத் தாமதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பலரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட கண்ணாடி ஸ்லைடுகளை நாடு முழுவதற்கும் வேண்டிய அளவு திரட்ட முடியாததுதான்.

ஸ்லைடின் படம் இணையத்தில் ஏறியபோது உடைந்த சிக்கல் இதுதான். கூரியர் செலவு மிச்சம், முடிவு சீக்கிரம் வருகிறது என்றெல்லாம் சொல்வார்கள். அவையெல்லாம் உண்மைதான், சிறிய உண்மைகள். பெரிய மாற்றத்தைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணும்போது வழக்கமாக நூறு செல் எண்ணுவோம். ஒருவருடைய ரத்தத்தில் நூறு செல்லை எண்ணியதில் 5 இயோசினோஃபில் வந்தது என்று வையுங்கள். உண்மையான அளவு 1 முதல் 12 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம்; அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ரூம்கே என்ற டச்சுப் புள்ளியியலாளரின் அட்டவணை சொல்லும் கணக்கு இது. ஆக, நான் 2 என்றும் பக்கத்து லேப் 9 என்றும் எழுதினால் இருவரில் யார் தவறு? யாருமே தவறில்லை என்றும் இருக்கலாம். இருவரும் வேறுவேறு நூறு செல்லைப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். அறியாமையால் வந்த வித்தியாசமும் தற்செயலால் வந்த வித்தியாசமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அன்றைய மதிப்பெண் அட்டைகள் எத்தனை பேரைக் காரணமில்லாமல் நோகடித்திருக்கும், எத்தனை பேரின் குறையை மூடியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

திரையில் வரும் படத்தில் எனக்கும் அதே நூறு செல்கள், லண்டனில் இருப்பவருக்கும் அதே நூறு செல்கள். தற்செயலுக்கு இங்கே இடமில்லை. மிஞ்சும் வித்தியாசம் முழுக்க முழுக்கக் கண்ணுடையது, பயிற்சியுடையது. பிரிட்டனின் யூ.கே. நெக்வாஸ் அமைப்பு ரத்த ஸ்மியர்களை இப்படி இணையத்தில் விரித்துவைக்கிறது. பல நாட்டினரும் ஒரே ஸ்லைடைப் பார்த்துப் பதில் எழுதுகிறார்கள், பிறகு நிபுணர் விளக்கம் வருகிறது. நம் ஊர்களிலும் படம் அனுப்பிப் பதில் வாங்கும் பயிற்சிகள் வந்துவிட்டன.

இப்போது நான் இருக்கும் லேபில் அப்படி ஒரு படம் வந்தால் கணினியைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒரு மழைக்காலத்தில் பெரிய நீலச் செல் ஒன்று வந்தது. "அக்கா, மோனோசைட்தானே?" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். "எனக்கு பிளாஸ்ட் மாதிரி பயமா இருக்கு" என்றான் ஒரு தம்பி. பயப்பட வேண்டியதுதான், பிளாஸ்ட் என்றால் ரத்தப் புற்றுநோய்ச் சந்தேகம். நான் ஓரத்தைக் காட்டினேன். அந்தச் செல் பக்கத்துச் சிவப்பணுக்களைத் தழுவிக்கொண்டு வளைந்திருந்தது, தொட்ட இடத்தில் நீலம் அடர்ந்திருந்தது. உட்கரு கரடுமுரடாக இருந்தது. பிளாஸ்டின் உட்கரு மென்மையாக, நடுவில் புள்ளியோடு இருக்கும். இது வைரஸ் காய்ச்சலில் கிளர்ந்தெழுந்த லிம்ஃபோசைட். டெங்கு சமயத்தில் தினமும் பார்க்கிறோம். விடை வந்தபோது அதோடு எல்லா லேப்களின் பதில்களும் வந்தன. எங்கள் தம்பியைப் போலவே பயந்தவர்கள் வேறு ஊர்களிலும் இருந்தார்கள். அவன் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். மாவட்ட மையத்தில் ஒரு மாலை முழுக்க எனக்குக் கிடைக்காதது அவனுக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது. எல்லோரும் பார்ப்பது அதே செல்லைத்தான் என்ற உறுதி அது.

ஒரு வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. வெளிப் பரிசோதனைப் படம் வந்தால் லேபில் மூத்தவரே பதில் எழுதி அனுப்பிவிடுவது பல இடங்களில் உண்டு. சான்றிதழில் மதிப்பெண் நன்றாக வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்மியர் பார்க்கப்போவது அந்த மூத்தவரா? பணியில் இருப்பவர்தான் முதலில் தனியாக எழுத வேண்டும். கூடிப் பேசுவது பதில் போன பிறகு. எங்கள் லேபில் இதை விட்டுக்கொடுப்பதில்லை. ஐபீஸில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்து வாட்ஸப்பில் மூத்தவர்களுக்கு அனுப்புவது இன்னொரு புதுப் பழக்கம். அதனால் நல்லது நிறைய நடந்திருக்கிறது. நோயாளியின் பெயரும் எண்ணும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

என் பழைய பிழைக்கு வருகிறேன். அந்தச் சிவப்புக் குச்சியை யாராவது படமெடுத்துத் திரையில் காட்டியிருந்தால் அன்றைக்கே நான் சரியாகச் சொல்லியிருப்பேன். அதை அடையாளம் காணத் தெரியாமல் நான் பிழை செய்யவில்லை. தேடாமல் விட்டேன். படம் என்பது யாரோ ஏற்கெனவே தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது. வேலையின் கடினமான பாதி அங்கே முடிந்துவிடுகிறது. ஸ்மியரை மெல்லியதாக இழுத்தேனா, லீஷ்மன் சாயத்துக்கு பஃபர் சரியாக இருந்ததா, அமிலத்தில் நேரம் பார்த்தேனா என்பதையும் படம் கேட்பதில்லை. அது கண்ணைச் சோதிக்கும், கையைச் சோதிக்காது. ஸ்லைடு முழுவதையும் ஸ்கேன் செய்து, நாமே நகர்த்தித் தேடும்படி வைக்கும் முறை இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. ஆனால் சளி ஸ்லைடில் கிருமிகள் வேறுவேறு ஆழத்தில் கிடக்கும், ஃபோகஸைத் திருகித் திருகித்தான் பிடிக்க முடியும். ஆயில் லென்ஸ் அளவில், பல ஆழங்களில் ஸ்கேன் செய்தால் கோப்பு பல ஜிகாபைட்டுக்கு வீங்கும். கிராமத்து மையத்தின் இணைய இணைப்பு அதைத் தாங்காது.

காசநோயைக் கண்டுபிடிக்க இப்போது சிபி நாட், ட்ரூநாட் போன்ற மரபணுக் கருவிகள் முன்னே வந்துவிட்டன. சளி ஸ்லைடுகள் குறைந்துவிட்டன, மறையவில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடம் போன்ற மேற்பார்வை லேப்களின் வழிகாட்டலில் கீழ்மட்ட மையங்களின் தரம் சரிபார்க்கப்படுகிறது. பெட்டியும் மறைத்த மறுபார்வையும் தொடர்கின்றன. தொடர வேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.

எங்கள் லேபில் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். திரையில் ஒரு படம் பார்த்தால், அந்த வாரத்துக்குள் நம் டிரேயில் இருக்கும் ஸ்லைடுகளில் அதே செல்லையோ அதே கோளாறையோ தேடிப் பிடித்துக் காட்ட வேண்டும். ஒரு மாதம் வந்த படத்தில் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இ.டி.டி.ஏ. குழாயில் சிலருடைய ரத்தத்துக்கு அப்படி ஆகும். கொத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது, கவுண்ட் பொய்யாகக் குறையும்.

நாலு நாள் கழித்து டெங்கு வார்டிலிருந்து ஒரு ரத்தம் வந்தது. மெஷின் நாற்பதாயிரம் என்றது. அந்தப் புதுப் பெண் ஸ்மியர் இழுத்து, சாயம் ஏற்றி, லென்ஸில் குனிந்தவள் நடுவில் நிற்காமல் நேராக ஸ்மியரின் வால் பக்கம் நகர்த்தினாள். வெகுநேரம் தலை தூக்கவில்லை. பிறகு எழுந்துபோய் இன்டர்காமை எடுத்தாள். "சிஸ்டர், லேப்ல இருந்து பேசறேன். அந்தப் பத்தாம் பெட் பிளேட்லெட் ரிப்போர்ட்டை இப்ப டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. சிட்ரேட் டியூப்ல இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்புங்க, நான் இங்கேயே காத்திருக்கேன்."