கையாற் சுற்றிக் கேட்ட கானம்

சென்ற வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையில், பின்வரிசை மாணாக்கனொருவன் கன்னத்தைக் கையிலே தாங்கியவாறு வெகு சிரத்தையோடு என்னை நோக்கிக்கொண்டிருந்தான். என் விளக்கத்தில் அத்துணைச் சுவை இருந்ததென்று நான் மகிழ்ந்தது சிறிது நேரமே. உள்ளங்கைக்குள் மறைந்திருந்த சிறு கருவியொன்று அவன் செவியிற் பாட்டிசைத்துக்கொண்டிருந்தது! கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, வீண்பொழுது போக்குவதன் தீமை பற்றிக் கால்மணி நேரம் உபதேசித்தேன். வகுப்பின் கால்மணி நேரம் அதனால் வீணாயிற்று என்பது பின்னரே புலப்பட்டது.

வீடு திரும்பும் வழியிலேதான், நான் உபதேசித்த சொற்கள் என்னுடையவையல்ல, என் தகப்பனாருடையவை என்பது நினைவுக்கு வந்தது.

1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அந்நாளில் அங்கு வாழ்ந்தோர்க்கு இனி நான் சொல்லப்போவது புதிதன்று. இளையோர் நம்புவார்களோ அறியேன். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து விறாந்தையில் நிறுத்துவோம். மிதியைக் கையாற் சுற்றினால் பின்சில்லு சுழலும். சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் செல்லும். கை சோர்ந்தால் குரலும் சோரும். செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவே மறைந்து, அடுத்த வாக்கியத்தின் நடுவே உயிர்த்தெழுவார். எங்கே குண்டு விழுந்தது என்பது அந்த இடைவெளியிலே போய்விட, மீண்டும் செய்தி வரும்வரை வீடே மூச்சடக்கிக் காத்திருந்ததும் உண்டு.

செய்திக்கு மட்டுமே மிதி சுழலும் என்பது ஐயாவின் சட்டம். லண்டனிலிருந்து வரும் தமிழோசை முடிந்த கணமே அவர் கை நின்றுவிடும். பாட்டு வேண்டுமானால் நானும் அக்காவும் முறைவைத்துச் சுற்ற வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒருவர் என்பது உடன்பாடு. நீண்ட பாட்டு யார் பங்கில் விழுந்தது என்பதிலேதான் சண்டை. “தணியாத தாகம்” என்ற சில்லையூர் செல்வராசனின் வானொலி நாடகத்தை முன்னொரு காலத்தில் அயலெல்லாம் கூடிக் கேட்டதை அம்மா அடுப்படியிலிருந்து கூறுவார். மிதி சுற்றாமலே நாடகம் கேட்ட பாக்கியசாலிகள்!

ஐயாவுக்கும் ஒரு பலவீனம் இருந்தது: விநோதச் செய்திகள். கடையிற் சீனி சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் துண்டைக்கூட நீவிவிட்டு வாசிப்பார். கொழும்பிலே 1925இல் வானொலி தொடங்குமுன் நடந்த பரிசோதனைகளுக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகள் பயன்பட்ட கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! போருக்குச் செய்த பெட்டியும் ஈற்றிற் பாடத்தான் வேண்டியிருந்தது என்று சொல்லிச் சிரிப்பார். அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம் என்று கேட்க எனக்குத் துணிவிருக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஓரிரவு விழித்தபோது விறாந்தையில் சில்லுச் சத்தம் கேட்டது. குப்பி விளக்கையும் அணைத்துவிட்டு, இருளிலே ஐயா தனியே மிதி சுற்றிக்கொண்டிருந்தார். திருச்சி வானொலியில் நாதஸ்வரம். மிகத் தாழ்ந்த ஒலியில். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கோயில் வீதிகளில் விடியவிடியக் கேட்டவர் அவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தவில் தனியாக ஒலிக்கத் தொடங்கியதும் அவருடைய இடக்கை தொடையிலே தாளமிட்டது. வலக்கை களைத்து ஒலி தேய்ந்துகொண்டே வந்தது.

நான் எழுந்து சென்று மிதியைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பாராமலே கையை எடுத்துக்கொண்டார். “மெதுவாச் சுத்தடா, ஒரே சீராய்” என்று மட்டும் சொன்னார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பின்னர் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. மறுநாளும் சட்டம் சட்டமாகவே இருந்தது.

பையனுடைய கைத்தொலைபேசி இதோ என் மேசைமீது கிடக்கிறது. திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாளாகியும் அதன் பற்றரி தீரவில்லை; இடையிடையே தானாகவே ஒளிர்ந்து அணைகிறது.