இரைச்சலின் இருப்பிடம்

வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பேசுவதினும் கேட்பதைப் பெரிதாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் இக்காலத்தும் உளர். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாரே அவர்கள். நடுவண் அரசின் தேர்வெழுதி, உரிமம் பெற்று, ஊதியம் கருதாது தம் இல்லத்திலேயே நிலையம் அமைத்து உலகோடு உரையாடுபவர்கள். அவர்தம் பெரும்பகை இரைச்சல்.

அம்பத்தூரில் வாழும் என் தமக்கை மகன் இத்தகையோருள் ஒருவன். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செவிமடுப்பவன். ஒருநாள் மாலை முதல் அவன் வானொலியில் குரல்கள் மறைந்தன. வந்துசேரும் அலையின் வலிமை காட்டும் எஸ் மீட்டரின் முள் 9இல் நின்றது. “மாமா, இரயில் மின்கம்பிதான் காரணம், இல்லையென்றால் தொழிற்பேட்டை” என்றான். ஐயம் பொருத்தமற்றதன்று. அம்பத்தூர், ஆவடி வழிச் செல்லும் இருப்புப்பாதையின் மேல் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. ஆயினும் ஐயம் வேறு, தெளிவு வேறு.

இரைச்சலின் வகைகள்

மின்பொறி தோன்றுமிடத்தில் வானொலி அலையும் தோன்றும். மின்கம்பத்துப் பீங்கானில் தூசி படிந்தாலோ, கம்பியின் பிணைப்புத் தளர்ந்தாலோ நுண்பொறிகள் எழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. சுழற்சிக்கு இருமுறை உச்சம். ஆதலின் நொடிக்கு 100 முறை பொறி எழுந்து, வண்டின் ரீங்காரம்போல் ஒலிக்கும். தூசியால் எழுந்ததாயின் நல்ல மழைக்குப்பின் தணியும்.

மற்றொரு வகை அண்மைக்கால வரவு. சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, சூரிய மின் இன்வெர்ட்டர் ஆகியவற்றுள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி இயக்கப்படுகிறது. உரிய வடிகட்டி இல்லையேல் அவ்வதிர்வின் மடங்குகள் சிற்றலை வரிசையெங்கும் சிதறி, சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

தேடும் முறை

முதற்படி தன் வீடு. வானொலியை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம். முள் 9இலிருந்து 5க்கு இறங்கியது. ஓர் எஸ் அளவு குறைந்தால் மின்னழுத்தம் பாதியாகும். நான்கு குறைந்ததால் பதினாறில் ஒரு பங்காயிற்று. ஆக, குற்றவாளிகளுள் பெரியவன் வீட்டினுள்ளே! பியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், அவன் மேசைமேல் இருந்த மடிக்கணினி சார்ஜரே அகப்பட்டது. அவன் நாணி நகைத்தான்.

எஞ்சிய இரைச்சலைத் தேடிக் கையடக்க மத்திய அலை வானொலியுடன் தெருவில் நடந்தோம். அதனுள்ளிருக்கும் பெரைட் தண்டின் முனை இரைச்சலின் மூலத்தை நோக்கும்போது ஒலி மங்கும். இரண்டு மூன்று இடங்களில் நின்று அத்திசைகளைக் கோடாக வரைந்தால், அவை வெட்டுமிடமே இருப்பிடம். எங்கள் கோடுகள் அண்டை வீட்டு வாயில் விளக்கில் சந்தித்தன. அவ்வீட்டுப் பெரியவரிடம் நாங்கள் குறைகூறவில்லை. வானொலியை அவர் கையிலேயே கொடுத்து, விளக்கை அணைத்துப் போடுமாறு வேண்டினோம். “என் விளக்கா இவ்வளவு சத்தம் போடுகிறது?” என்று வியந்தவர், மறுநாளே அதை மாற்றினார்.

மின்கம்பமே காரணமாயின் அதனை நாம் தொடுதல் ஆகாது. கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்திடம் எழுதித் தருதலே முறை.

தேடலின் பயன்

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி, தொலைபேசிச் சேவைக்கு இடையூறான இரைச்சலின் மூலத்தைத் தேடினார். இடிமின்னலின் ஒலியை நீக்கியபின்னும் ஒரு சீற்றொலி எஞ்சியது. அது 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சமடைந்தது. அது விண்மீன்களைச் சார்ந்த கால அளவு. பால்வீதியிலிருந்தே அது வருகிறது என 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் குழுவினர், உற்றாரின் நலச்செய்திகளைத் தாய்நிலத்திற்கு அனுப்பினர். மறுமுனையில் கேட்ட செவிகள் இரைச்சலில் மூழ்கியிருந்தால் அச்செய்திகள் காற்றோடு போயிருக்கும்.

என் மருமகனின் வானொலி முள் இப்போது 3இல் நிற்கிறது. பிறர்மேல் ஐயங்கொள்ளுமுன் தன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்கும் நெறியை, மாணவச் செல்வங்களே, வானொலி இல்லாதோரும் கைக்கொள்ளலாம்.