குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல்

மூன்று முதல் ஆறு வார வயதுடைய கோழிக்குஞ்சுகள் மாரிகாலத்தில் இறகுகளைச் சிலிர்த்து, கண்மூடி ஒதுங்கி நிற்பின், கமக்காரர் முதலிற் பார்க்க வேண்டியது அவற்றின் எச்சத்தையேயாகும். அதில் இரத்தங் கலந்திருப்பின் பெரும்பாலும் அது கொக்சிடியா என்னும் ஒட்டுண்ணியால் உண்டாகும் கழிச்சலாகும். தீனியின் குற்றமென்றோ கண்ணூறு என்றோ எண்ணி நாட்களைக் கடத்தலாகாது.

கொக்சிடியா கண்ணுக்குப் புலப்படாத தனிக்கல உயிராகும். அவற்றுட் கொடிய இனங்களுள் ஒன்று ஐமேரியா தெனெல்லா. அதன் தடித்த உறையுடைய வித்துக்கள் நோயுற்ற பறவையின் எச்சத்துடன் வெளிவரும். வெளிவந்தவுடன் அவை தீங்கு செய்யமாட்டா. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைப்பின் ஓரிரு நாட்களில் முதிர்ந்து நோயுண்டாக்கும் தன்மையை அடையும். கூளத்தைக் கிளறும் குஞ்சு அவற்றை விழுங்கினால், அரைவைப் பையில் உறை நசுங்கி உடையும். வெளிப்படும் கிருமிகள் குருட்டுக்குடலின் சுவரினுட் புகுந்து பெருகும். ஐந்தாம் ஆறாம் நாளளவிற் சுவர் சிதைந்து இரத்தம் கசியும். அந்நிலையில் இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால், இரு குருட்டுக்குடல்களும் வீங்கி இரத்தம் நிறைந்திருக்கும்.

வேறு சில இனங்கள் சிறுகுடலைத் தாக்கும். அப்போது எச்சத்தில் இரத்தம் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் உண்ட தீனி உடம்பிற் சேராது, குஞ்சு மெலியும். இறந்த குஞ்சுகளை எண்ணுவோர் இந்நட்டத்தை எண்ணுவதில்லை.

சாதாரண கிருமிநாசினிகளுக்கு இவ்வித்துக்கள் அழியமாட்டா. மருந்தைக் கரைத்துத் தரையில் ஊற்றுவோர் பணத்தைச் செலவிட்டு ஈரத்தையே பெறுகின்றனர். கூளம் உலர்ந்திருத்தலே சிறந்த காவல். நெல் விளைவிக்கும் நமக்கு உமி அரிதன்று. மூன்று நான்கு அங்குலக் கனத்திற்கு அதைப் பரப்பி நாடோறுங் கிளறிவிடுக. நீர்ப்பாத்திரத்தைச் சுற்றியே கூளம் முதலில் நனைந்து கட்டிபடும். அதனை உடனே அகற்றி, பாத்திரத்தைக் கம்பிவலை பரப்பிய சட்டத்தின்மேல் வைத்தல் நன்று. நோயினின்றுந் தப்பிய கோழிகள் வித்துக்களைத் தொடர்ந்து வெளியிடக் கூடுமாதலால், குஞ்சுகளை அவற்றுடன் சேர்க்கலாகாது.

அகற்றிய கூளம் மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல எருவாகும். எனினும் அதை அள்ளிய மண்வெட்டியுடனும் சேறு படிந்த காலுடனும் குஞ்சுக்கூட்டினுட் செல்லுதல் நோயைத் திரும்பக் கொண்டுசெல்வதாகும்.

நோய் கண்டவுடன் மிருக வைத்தியரை அணுகுக. நோயுற்ற குஞ்சு தீனியை வெறுப்பினும் நீரை ஓரளவு அருந்தும். ஆகவே அம்புரோலியம், சல்பா ஆகிய மருந்துகளை நீரிற் கலந்தே கொடுப்பர். சல்பா அளவு மீறின் அதுவே குஞ்சுக்கு நஞ்சாகும். மருந்தூட்டிய கோழிகளின் இறைச்சியையும் முட்டையையும் எத்தனை நாட்கள் விலக்க வேண்டுமென்பதையும் வைத்தியரிடமே கேட்டறிந்துகொள்க.