வரைபும் அதற்குரிய அச்சுக்களும்



கணினித் திரையில் இரண்டு வரைபுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையும்படி நிரல் எழுதுவோர் பலருக்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மேற்கட்டத்திற்குச் செல்லவேண்டிய கோடு கீழ்க்கட்டத்திற் போய் அமர்ந்துவிடுகிறது. பிழை நேர்ந்ததென்று கணினி எதனையும் அறிவிப்பதில்லை. கோடு அழகாகவே இருக்கிறது. இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். நான் கணிதம் பயின்றவனல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் உயர்தர வகுப்பு மாணவர் பைதன் மொழியிற் பயில்வதை அருகிருந்து காணும்போது, இது கணிதத்தைக் காட்டிலும் மொழியைச் சார்ந்த இடர்ப்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதனால் என்ன தீங்கு விளையும் என்று கேட்பவர்களுக்கு வேற்றூர் உதாரணம் வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையை அடுத்து, களனி கங்கைக் கரையில், நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. கங்கையின் மேற்புறத்தே ஹங்வெல்லவில் மற்றோர் அளவுகோல் உண்டு. இவற்றின் அளவுகளை நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்து வருகிறது. 2016 மே மாத வெள்ளத்தைக் கண்டவர்கள் இவ்விரு பெயர்களையும் எளிதில் மறக்கமாட்டார்கள். நாகலகம் வீதியின் மட்டத்தை அடிக்கணக்கிற் கூறுவது நெடுநாளைய வழக்கம். ஹங்வெல்லவின் மட்டத்தையோ மீற்றரிற் கூறுவர். நாகலகம் வீதியில் 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஹங்வெல்லவில் 7 மீற்றர் வெறும் எச்சரிக்கை நிலை. 8 மீற்றர் சிறுவெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். ஒரே 7 என்னும் எண் ஓரிடத்தில் "விழிப்பாயிருங்கள்" என்கிறது. மற்றோரிடத்தில் "வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்கிறது.

ஒரு மாணவன் இவ்விரு மட்டங்களையும் காட்டும் சாளரம் ஒன்றை அமைக்கிறான் என வைத்துக்கொள்வோம். மேலே ஹங்வெல்லவின் கட்டம், கீழே நாகலகம் வீதியின் கட்டம், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். நாகலகம் வீதியில் நீர் 7¼ அடிக்கு ஏறியிருக்கையில் அக்கோடு தவறி மேற்கட்டத்தில் விழுந்தால், காண்பவர் அதனை 7¼ மீற்றர் என்றே வாசிப்பர். எச்சரிக்கைக் கோட்டைச் சற்றே தாண்டியிருக்கிறது என்று அமைதி கொள்வர். ஹங்வெல்லவின் 7½ மீற்றர் கீழ்க்கட்டத்தில் விழுந்தாலோ வீண் பீதி உண்டாகும். இரண்டும் தவறே, முன்னையது உயிருக்கு உலை வைப்பது.

இது ஏன் நேர்கிறது? 1786ஆம் ஆண்டில் வில்லியம் பிளேபெயர் என்னும் ஸ்கொத்லாந்தியர் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். அவருக்கு இந்த ஐயம் எழுந்திருக்க வழியில்லை. எந்தத் தாள் கைக்கீழ் இருந்ததோ அதிலேதான் எழுதுகோல் செல்லும். கணினிக்கோ பல தாள்கள் ஒரே வேளையில் விரிந்திருக்கின்றன. "இந்த எண்களை வரை" என்று மட்டும் ஏவினால், எங்கே வரைவது என்பதை அது தானே ஊகிக்கவேண்டியிருக்கிறது. அதற்காக "நடப்பு அச்சுக்கள்" என்னும் ஒரு கருத்தை வைத்திருக்கிறார்கள். இடம் சொல்லாத ஏவல்கள் யாவும் அந்த நடப்பு அச்சுக்களுக்கே செல்லும். பைதனுக்குரிய மாட்பிளாட்லிப் என்னும் கருவியில் இரண்டு கட்டங்களை ஒருங்கே அமைத்தால், இறுதியாக அமைந்ததே நடப்புக் கட்டமாகிறது. எனவே மேற்கட்டம் வெறுமையாய் நிற்க, இரு கோடுகளும் கீழ்க்கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

மாட்லாப் என்னும் கருவியில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே பயன்படுத்துவோர் ஒரு கட்டத்தின்மீது சுட்டியால் அழுத்தினாலே அது நடப்புக் கட்டமாகிவிடக்கூடும். நிரலை எழுதியவன் தன் மேசையில் ஒரே ஒழுங்கிற் பொத்தான்களை அழுத்திப் பார்த்துத் திருப்தியடைகிறான்; பிறர் கைக்குச் சென்றதும் அது தடம்புரள்கிறது. மேலும், முன்னைய கோட்டை வைத்திரு என்று சொல்லாவிடின், புதிய கோடு அங்கிருந்த பழைய கோட்டை அழித்துவிட்டே அமரும். மாட்லாப்பின் புதிய செயலி அமைப்பு முறையிலோ, இடம் சொல்லாத வரைபு சாளரத்துக்குள் வராமலே, தனியாக வேறொரு சாளரத்தைத் திறந்துகொள்ளும். இது ஒருவகையில் நன்மையே; தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

இரு கருவிகளுக்கும் இவ்வழக்கம் பொதுவாயிருப்பது தற்செயலன்று. மாட்பிளாட்லிப்பை 2003இல் வெளியிட்ட ஜோன் ஹன்டர், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை ஆராய்ந்தவர். மாட்லாப்பிற் பழகிய கைகளுக்கு எளிதாயிருக்க வேண்டுமென்றே அதன் ஏவல்களை ஒத்த ஏவல்களை அமைத்தார். அவர் 2012இல் மறைந்தார். தனியே அமர்ந்து ஒரு வரைபை வரைந்து பார்க்கும் ஆராய்ச்சியாளருக்கு நடப்பு அச்சு பெரும் வசதி. பொத்தான்களும் பல கட்டங்களும் கொண்ட சாளரத்துக்கு அது பொருந்துவதில்லை.

பரிகாரம் தமிழிலக்கணம் கற்றோருக்கு எளிதில் விளங்கும். "வரை" என்று ஏவுவதோடு நில்லாமல், "ஹங்வெல்லக் கட்டத்தில் வரை" என்று ஏழாம் வேற்றுமையைச் சேர்த்து ஏவவேண்டும். கட்டம் ஒவ்வொன்றையும் அமைக்கும்போதே அதற்கொரு பெயரிட்டு வைக்க வேண்டும். பைதனில் அப்பெயரை முதலில் எழுதி, புள்ளியிட்டு, அதன்பின் வரையும் ஏவலை எழுதுவர். மாட்லாப்பில் ஏவலின் அடைப்புக்குறிக்குள் முதற்சொல்லாக அப்பெயரை இடுவர். பெயர்களும் "மேல்", "கீழ்" என்றிராமல் "ஹங்வெல்ல", "நாகலகம்" என்றிருப்பது நலம். கட்டங்களை நாளை இடம் மாற்றினாலும் பெயர் பொய்க்காது.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஒரு செயற்கூறுக்குள் இட்ட பெயர் மற்றச் செயற்கூறுக்குத் தெரிவதில்லை. ஆதலின் அப்பெயர்களைச் சாளரத்துக்குப் பொதுவான ஓரிடத்திற் சேமித்து வைத்தாலன்றி, பொத்தானுக்குரிய செயற்கூறு அவற்றைக் காணாது. அடுத்தது, மாட்பிளாட்லிப் வரைபைச் சாளரத்துக்குள் பதித்திருப்பின், கோட்டை மாற்றியபின் திரையைப் புதிதாகத் தீட்டும்படியும் ஏவவேண்டும்; இல்லையேல் முன்னைய மணியின் நீர்மட்டமே கண்முன் நிற்கும்.

இனிச் சோதிக்கும் முறை. உண்மையான அளவுகளைக் கொடுத்துச் சோதிப்பதிற் பயன் குறைவு, இரண்டு இடங்களிலும் எண்கள் நெருங்கியிருப்பதால். ஹங்வெல்லவுக்கு ஏறுகோடும் நாகலகம் வீதிக்கு இறங்குகோடுமாகப் பொய்யெண்களைக் கொடுங்கள். பொத்தான்களை முதலில் முறையாகவும், பின்னர் முறைமாற்றியும் அழுத்துங்கள். அதன்பின் மேற்கட்டத்தின்மேற் சுட்டியால் அழுத்திவிட்டு, கீழ்க்கட்டத்துக்குரிய பொத்தானை அழுத்துங்கள். இறங்குகோடு கீழேயே விழுமாயின் அச்சாளரத்தைப் பிறர் பார்வைக்கு வைக்கலாம்.