ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் 30 மீட்டர் அளந்து, இரு முனையிலும் கூம்பு வைத்திருக்கிறார்கள். நோயாளி ஆறு நிமிடம் போய்த் திரும்பி நடக்க வேண்டும். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. பரிசோதிப்பவர் கூடவே நடக்க மாட்டார். நடந்தால் அவர் வேகம் நோயாளிக்கும் தொற்றிவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை, எல்லாருக்கும் ஒரே வார்த்தைகளில் ஊக்கம் சொல்வார். முடிவில் கிடைப்பது மீட்டரில் ஒரே ஒரு எண்.

நுரையீரலின் காற்றறைகளில் நீர் கசிந்து நிரம்புவது ஏ.ஆர்.டி.எஸ். முற்றினால் வென்டிலேட்டர்தான் கதி. அதிலிருந்து பிழைத்தவருக்கு நுரையீரலில்தான் குறை மிஞ்சும் என்றே யாரும் நினைப்பார்கள். டொராண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் அப்படிப் பிழைத்த 109 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்திலேயே நுரையீரலின் கொள்ளளவு ஏறக்குறைய சரியாகியிருந்தது. ஆறு நிமிட நடைதான் தேறவில்லை. ஓராண்டு முடிவில் நடுமதிப்பு 422 மீட்டர்: எதிர்பார்க்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இத்தனைக்கும் ஏறத்தாழப் பாதிப் பேர் 45 வயதை எட்டாதவர்கள். ஐந்தாண்டு கழித்தும் 436 மீட்டரைத் தாண்டவில்லை.

கோளாறு பெரும்பாலும் தசையிலும் நரம்பிலும் இருந்தது. கடும் நோயில் உடல் தன் தசைப் புரதத்தையே சிதைக்கிறது; புதிதாகக் கட்டும் வேலையும் மந்தமாகிறது. லண்டன் ஆய்வாளர்கள் ஐ.சி.யூ. நோயாளிகளின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். பத்தே நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் சுருங்கியிருந்தது.

நடக்க முடியாதவரைப் படுக்கையிலேயே சோதிக்க இன்னொரு முறை உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால்: பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு தசைத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். தசை துடிப்பதாவது தெரிந்தால் 1. புவியீர்ப்பை எதிர்த்துக் கையைத் தூக்கினால் 3. மருத்துவர் அழுத்தியும் முழு பலத்தோடு தாங்கினால் 5. அறுபதுக்கு 48க்குக் கீழே போனால் ஐ.சி.யூ. தந்த பலவீனம் என்று கணக்கு. நோயாளி விழித்திருந்து, சொன்னதைச் செய்தால்தான் இது நடக்கும்.

ஆறு நிமிட நடைக்கும் ஒரு குறை உண்டு. தூரம் குறைந்ததைச் சொல்லும். இதயத்தாலா, மூச்சாலா, காலாலா என்று சொல்லாது. அதுவே அதன் பலமும்கூட: உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் கருவிகளுக்குச் சிக்காத குறையை முழு மனிதர் நடந்து காட்டிவிடுகிறார்.

பலவீனம் இப்படி எண்ணாகத் தெரிந்த பிறகு, ஐ.சி.யூ. நோயாளிகளை மயக்க மருந்தில் ஆழ்த்தி அசையாமல் கிடத்தும் வழக்கமும் கேள்விக்குள்ளானது. 2009இல் வெளியானது ஓர் அமெரிக்க ஆய்வு. வென்டிலேட்டரில் இருக்கும்போதே, தினமும் மயக்க மருந்தை நிறுத்தும் நேரத்தில், ஒரு சாராருக்கு உடற்பயிற்சி தந்தார்கள். தானே குளித்து, உடுத்தி, உண்டு, நடந்து வீடு திரும்பும் நிலையை எட்டியவர்கள் அவர்களில் 59 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 35.